முதலில் யார் ஏறுவது?

அம்மாவுக்கும் மாமாவுக்கும் இடையில் ரொம்ப நாளாக ஒரு சண்டை ஓடியது. சொத்து விவகாரம் இல்லை. மாமா தன் கையால் மரத்தில் கட்டிய விமானத்தை முதல்தடவை யார் ஓட்டுவது என்பதுதான் சண்டை. "நான் ஓட்டலக்கா, வேற ஒருத்தரக் கேட்டிருக்கேன்" என்று மாமா போனில் சொன்ன அன்று அம்மா கொதித்துப்போனார். "நீ செஞ்ச சாமான்ல நீ ஏற மாட்ட. ஊரான் வீட்டுப் பிள்ளைய ஏத்தி அனுப்பிட்டு, நீ கீழ நின்னு அண்ணாந்து பாப்பியா? இது என்னடா நியாயம்?" மாமாவிடம் விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது. மருத்துவச் சான்றும் இருக்கிறது. அதனால் ஓட்டத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

விமானம் பறந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை பதற்றத்தோடு படிக்க வேண்டாம். ஆனால் அம்மா கேட்டது எனக்குள் அடங்கவில்லை. சில நாள் அம்மா சொல்வதுதான் தர்மம் என்று தோன்றும். சில நாள், மாமாவைப் போல யோசிக்கிறவர்கள்தான் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள் என்று தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா என்பதுதான் என் குழப்பம்.

மெத்தையில் ஒட்டிய விலாக்கள்

மாமா பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே தபால் துறையில் கடிதம் பிரிக்கும் வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றார். எங்கள் தாத்தா முத்தியால்பேட்டையில் மர வேலை செய்தவர். இழைப்புளி பிடிக்கும் கை மாமாவுக்கும் வந்திருந்தது. அவர் குடியிருந்த சிற்றூருக்குப் பக்கத்தில் புல்தரை ஓடுபாதையோடு ஒரு பறக்கும் சங்கம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மர விமானத்தின் இறக்கையைத் திறந்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வேடிக்கை பார்க்கப் போன மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா செய்யற வேலைதானே" என்று நினைத்தாராம். அன்றைக்குப் பிடித்தது.

அவர் வாங்கியது ஜோடெல் டி-18 என்ற இரண்டு இருக்கை விமானத்தின் வரைபடம். ஜோடெல் விமானங்கள் ஒரு மாமனாரும் மருமகனும் சேர்ந்து உருவாக்கியவை. மாமனார் எதுவார் ஜோலி, மருமகன் ழான் தெலெமோந்தெஸ். போர் முடிந்த கையோடு, பெரிய பணமோ தொழிற்சாலையோ இல்லாதவர்களும் கட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன மர விமானத்தை வடிவமைத்தார்கள். டி-9 என்ற அந்த ஒற்றை இருக்கை விமானம், 25 குதிரைத்திறன் இன்ஜினோடு, 1948 ஜனவரியில் பறந்தது. வரைந்தவர் மருமகன், ஓட்டியவர் மாமனார். இதைச் சொன்னபோது அம்மா, "பாத்தியா, மாமனாரை ஏத்திவிட்டுட்டான்" என்றார். டி-18 அதே வழியில் 1980-களில் வந்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் கார் இன்ஜினை மாற்றியமைத்து அதில் பொருத்தலாம். ஜோடெலை வானத்தில் எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் கண்டுகொள்ளலாம். இறக்கையின் நடுப்பகுதி தட்டையாக இருக்கும், இரு நுனிகளும் மட்டும் மேல்நோக்கி மடிந்திருக்கும். இறக்கையின் உயிர் அதன் குறுக்கே ஓடும் ஒரே பெரிய பெட்டி உத்திரம். அதில் வரிசையாக விலாச் சட்டங்களைக் கோத்து, மேலே மெல்லிய பிளைவுட்டையும் துணியையும் போர்த்த வேண்டும்.

அந்த விலாச் சட்டங்களில் பெரும்பாலானவை ஒட்டப்பட்டது எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு மெத்தையில், அதாவது மாடியில். காரணம் குளிர்தான். விமான மரத்துக்குப் பயன்படும் ரெசார்சினால் பசை, சூடு போதவில்லை என்றால் சரியாக இறுகாது. மாமாவின் கராஜில் டிசம்பரில் மூச்சுவிட்டால் புகை வரும். எப்படியும் குளிர்காலத்தில் ஊருக்கு வருகிறவர், வரும்போதே ஸ்புரூஸ் மரக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்துவிடுவார். பலகை ஒன்றில் விலாவின் வடிவத்தை வரைந்து, கோடு நெடுகக் கட்டைகள் அடித்து, அதற்குள் குச்சிகளை வளைத்துப் பொருத்தி, மூலைகளில் பிளைவுட் துண்டு வைத்து ஒட்டுவார். ஒவ்வொன்றும் ஒரே பலகையில் வார்த்ததால் எல்லாம் ஒன்றுபோல வரும். முடிந்த சட்டத்தைக் கையில் வாங்கினால் ஒரு முற்றிய தேங்காயின் எடைகூட இருக்காது. இதை நம்பியா ஆகாயத்தில் போவது என்று எனக்கே பயமாக இருந்தது.

குளிருக்குத் தப்பி இங்கே வந்தால், இங்கே ஈரம். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் மரம் சும்மா இருக்குமா, காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் கூடினாலும் பசை கெடும், ரொம்பக் காய்ந்தாலும் கெடும். மாமா ஒரு சின்ன ஈரமானியை மரத்தில் குத்திக் குத்திப் பார்ப்பார். முள் ஒத்துக்கொண்டால்தான் பசை கலக்குவார். மழை விட்டு தை பிறந்த பிறகுதான் வேலை சூடு பிடிக்கும். கல்லூரி விட்டு வந்ததும் கிளாம்ப் திருகுவது என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் இரண்டு கழிவுத் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும். மறுநாள் மாமா அதை வைஸில் மாட்டி உடைப்பார். உடைந்த இடத்தில் மரம் நாராகக் கிழிந்திருந்தால் பசை பாஸ். ஒட்டிய கோட்டிலேயே பளிச்சென்று பிரிந்துவிட்டால் அந்தக் கலவையில் ஒட்டிய எதையும் நம்பக் கூடாது. ஒருமுறை அப்படிப் பிரிந்தது. அன்றைய சட்டங்கள் அத்தனையையும் மாமா முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார். பக்கத்தில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சண்டை வந்தபோது அதைத்தான் எடுத்துப் பேசினார்: "அவ்ளோ பாத்துப் பாத்து ஒட்டினியே, ஒடச்சியே. அப்புறம் ஏற என்ன பயம்?"

இங்கேயே ஏன் முழு விமானத்தையும் கட்டவில்லை என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். லாசுப்பேட்டையில் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை இருக்கிறது, டி-18 எழும்ப அதில் கால்வாசி போதும். ஆனால் ஓடுபாதை மட்டும் போதாது. மும்பையில் குடியிருப்பு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவை நினைத்துப் பாருங்கள். 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் நாடே அந்த விமானத்தைப் பார்த்தது. பதிவெண் கைக்கு வர 2017, பறக்க அனுமதி வர 2019. பிரான்சில் வீட்டில் கட்டுகிற விமானங்களுக்கென்றே தனிச் சான்றிதழ் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எஃப்-பி என்று தொடங்கும் பதிவெழுத்தைப் பார்த்தாலே இது யாரோ ஒருவர் தானே கட்டியது என்று தெரிந்துவிடும்.

சரித்திரம் அம்மா பக்கம்

எடுத்த எடுப்பில் பார்த்தால் சரித்திரம் முழுக்க அம்மா பக்கம்தான் நிற்கிறது. ரைட் சகோதரர்கள் மூன்றாவது ஆளைத் தேடவில்லை. 1903 டிசம்பர் 14 அன்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள், வில்பருக்கு விழுந்தது. மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார். இயந்திரம் எழும்பிய வேகத்தில் கீழே வந்து அடிபட்டது. பழுது பார்த்துவிட்டு 17-ஆம் தேதி ஆர்வில் ஏறினார். 12 வினாடி, 120 அடி. நம் ஊரிலும் அப்படித்தான். 1910-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் சொல்லி, தீவுத்திடலில் ஜனங்கள் பார்க்கத் தானே ஓட்டினார். ஹோட்டல் முதலாளிக்கே அந்தத் துணிச்சல் இருந்திருக்கிறது.

ரைட் சகோதரர்களின் அப்பாவைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். மகன்கள் இருவரும் ஒரே விமானத்தில் ஏறக் கூடாது என்று அவர் வாக்கு வாங்கியிருந்தார். ஒருவர் போனாலும் மற்றவர் வேலையைத் தொடர வேண்டும். 1910 மே 25 அன்று ஒரே ஒருமுறை மட்டும் அந்த வாக்கைத் தளர்த்தினார், இருவரும் சேர்ந்து பறந்தார்கள். அன்றைக்கே, 81 வயதில், அவரும் ஆர்விலோடு ஏறிப் பறந்தார். அம்மாவுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. "கணக்குப் போட்டுப் பயந்திருக்காரு பாரு, அதான் பெத்தவன் பயம்" என்றார்.

மாமாவிடம் வேறு பட்டியல் இருந்தது. தான் கட்டிய கிளைடரில் தானே பறந்து 1896-இல் விழுந்து இறந்த லிலியந்தால். அவரைவிட மோசமான கதை ஃப்ரான்ஸ் ரைஷெல்ட் என்ற பாரிஸ் தையல்காரருடையது. உடையாகவே அணிந்துகொள்ளக்கூடிய பாராசூட் ஒன்றைத் தைத்தார். பொம்மையைக் கட்டிப் போட்டுச் சோதிப்பதாகச் சொல்லி ஈஃபில் கோபுரத்தில் அனுமதி வாங்கினார். 1912 பிப்ரவரி 4 காலை, பொம்மை வேண்டாம் என்று தானே குதித்தார். உடை விரியவில்லை. கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. "செஞ்சவன் ஏறினா அது நல்ல சாமான்னு ஆயிடுமாக்கா?" என்று மாமா கேட்டார். அம்மா, "அவன் செத்தான், சரி. ஆனா அடுத்தவன சாகடிக்கல இல்ல?" என்றார். அதற்கு மாமாவிடம் அப்போது பதில் இல்லை.

பதில் பிறகு வந்தது, அதுவும் பிரான்சிலிருந்தே. 1930-களில் ஆன்ரி மிஞே என்பவர் வீட்டில் யார் வேண்டுமானாலும் ஆணி அடித்துக் கட்டிவிடக்கூடிய ஒரு குட்டி விமானத்தை வடிவமைத்தார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இறக்கை. 1933-இல் அவரே அதில் பறந்தார், 1935-இல் ஆங்கிலக் கால்வாயையே தாண்டினார். அதைப் பார்த்து பிரான்சிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பேர் கொல்லைப்புறத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு வரிசையாக விபத்துகள், மரணங்கள். முழு விமானத்தையும், காற்றை வேகமாக ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே கவிழ்ந்துவிட்டால் முன் இறக்கையைக் கடந்து வரும் காற்று பின் இறக்கையை இன்னும் தூக்கும். கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மேலே வராது. செய்தவர் ஓட்டியபோது அந்தக் குறை தலைகாட்டவில்லை. அவரே ஏறிப் பறக்கிறார் என்பதை நம்பித்தான் மற்றவர்கள் ஏறினார்கள். எனக்கு இது உறைத்தது. செய்தவர் ஏறுவதை நாம் ஒரு ஜாமீனாக எடுத்துக்கொள்கிறோம். அந்த ஜாமீனுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது கடலூர் முதுநகருக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். உப்பனாற்றங்கரையில் மரப் படகு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்து, புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது நீங்கள் ஏறுவீர்களா என்று கேட்டேன். "ஏறாம? நான்தான் மொதல்ல ஏறுவேன். பஞ்சும் குங்கிலியமும் கையில வெச்சுக்கிட்டு ஏறுவேன். எந்தப் பலகை இடுக்குல தண்ணி வரும்னு அடிச்சவனுக்குத்தானம்மா தெரியும்?" அம்மாவின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். பாகூர் தாண்டும்போது இன்னொன்று தோன்றியது. அவர் தைரியத்தைக் காட்ட ஏறவில்லை, அடைக்க ஏறுகிறார். படகில் செய்தவரின் அறிவுக்கு அங்கேயே வேலை இருக்கிறது. ஆயிரம் அடி உயரத்தில் பசை விட்டால் மாமா எந்தப் பஞ்சை வைத்து எதை அடைப்பார்?

கராஜில் ஒரு கேள்வி

மாமா கேட்டிருந்த பைலட் ஊரான் வீட்டுப் பிள்ளை இல்லை, மாமாவைவிட வயதில் மூத்தவர். பறக்கும் சங்கத்தில் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கட்டிய விமானங்களை முன்பும் முதல்தடவை ஓட்டிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்க மாட்டார். பறப்பதற்கு முந்தைய வாரம் கராஜுக்கு வந்து, மாமாவை ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு டார்ச்சோடு விமானத்தின் அடியில் படுத்தாராம். ஒவ்வொரு நட்டிலும் அது கழலாமல் இருக்கச் செருகிய ஊசியை வளைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கைப்பிடியை இடதுபக்கம் சாய்த்து, இடது இறக்கையின் பின்மடிப்பு, அதாவது விமானத்தைச் சாய்க்கும் அசையும் பகுதி, மேலே போகிறதா என்று இறங்கி வந்து பார்த்தார். இது சின்ன விஷயமாகத் தோன்றும். கம்பியை மாற்றி மாட்டிவிட்டு, அது தெரியாமலே ஓடி எழும்பி, இடதுபக்கம் திருப்பினால் வலதுபக்கம் கவிழ்ந்த விமானங்கள் உண்டு. கட்டியவர் நூறுமுறை கைப்பிடியை ஆட்டிப் பார்த்திருப்பார். அது சரியாகத்தான் இருக்கும் என்று மனசு முன்பே முடிவு கட்டிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் பார்த்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, காப்பி குடிக்கும்போது அவர் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எழும்பியதும் இன்ஜின் நின்றுபோனால் நான் எதிரே இருக்கும் கோதுமை வயலில் நேராக இறக்கிவிடுவேன், உன் விமானம் சக்கரம் ஒடிந்து இறக்கை கிழிந்து போகும், நான் எழுந்து நடந்து வருவேன், அப்போது என் மேல் உனக்குக் கோபம் வருமா? மாமா எனக்கு இதைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. "வராதுன்னு சட்டுனு சொல்லியிருக்கணும் பாப்பா. வாய் வரல. ஒடச்சுப் போட்ட விலா எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு." பைலட் சிரித்தாராம். நீ ஏன் ஓட்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாராம்.

இதில் பொதிந்திருப்பது வெறும் மனோதத்துவம் இல்லை, கணக்கும்கூட. தாழ்வாக ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால், முன்னால் தெரியும் ஏதாவது ஒரு வெட்டவெளியில் இறங்க வேண்டும். அதைத்தான் எல்லா ஆசிரியர்களும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பின்னால் ஓடுபாதை இருக்கிறது, அங்கே திரும்பிவிட்டால் விமானம் பிழைக்கும். அந்த ஆசைதான் கொல்கிறது. விமானம் ஓரளவு வேகத்துக்குக் கீழே போனால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்கும் சக்தி போய்விடும். இதை ஸ்டால் என்பார்கள். 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது அந்த ஸ்டால் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வேகம் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில், தேவைப்படும் வேகம் கூடுகிறது. தரை கிட்டத்தில், மீள இடம் இல்லை. வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் முன்னால் நின்ற காரணங்கள் இரண்டு: இன்ஜின் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும். ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டு வரும் விதம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மாமா பக்கம் நான் சாய்ந்தது இங்கேதான். செய்தவரைவிட, அந்தச் சாமானின் மேல் பாசம் இல்லாதவரே அதில் ஏறத் தகுந்தவர். பாசம் இல்லாதவர் அதை உடைக்கத் தயங்க மாட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேள்வி நகரவில்லை. "அதெல்லாம் சரி. அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி இருக்காளா? அவகிட்ட உன் மாமா பேசினானா?"

பறந்த நாள்

காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில்தான் இதையெல்லாம் செய்வார்கள். அங்கே காலை ஏழு, இங்கே பத்தரை. அக்னி நட்சத்திரம். நானும் அம்மாவும் சித்தியும் என் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், வாட்ஸ்அப்பில் அத்தை காட்டிக்கொண்டிருந்தார். ஈரப் புல், வெள்ளை விமானம், நடுவில் மாமா குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடுபாதை ஓரமாக வெள்ளைத் தலையோடு ஒரு அம்மாள் சிவப்புத் தீயணைப்பான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றார். அம்மா கண்ணைச் சுருக்கி, "அது யாரு?" என்றார். மாமா கேமராவுக்குள் வந்து, "அவர் பொண்டாட்டிக்கா. எப்பவும் அவங்கதான் நிப்பாங்க. போன மாசம் வீட்டுக்கு வந்து அரைநாள் என்னைக் கேள்வி கேட்டாங்க, அதுக்கப்புறம்தான் அவரை அனுப்பினாங்க" என்றார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா கேட்டது தைரியத்தைப் பற்றி என்று நாங்கள் எல்லோருமே எடுத்துக்கொண்டோம், மாமாவும் அப்படித்தான். லிலியந்தால், ரைஷெல்ட் என்று மாமா அடுக்கியதெல்லாம் வேறு கேள்விக்கான பதில்கள். ஏறுகிறவரின் வீட்டில் தெரியுமா, அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்களா, அவர்கள் முகத்தைப் பார்த்து நீ பதில் சொன்னாயா என்பதுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. சான்றிதழும் ஆய்வாளர் கையெழுத்தும் அரசாங்கத்துக்குச் சொல்லும் பதில். அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டியது தனி. மாமா அதைச் செய்திருந்தார், சொல்லத்தான் தோன்றவில்லை. இதை நான் மாமாவின் மேல் குற்றமாகத்தான் வைக்கிறேன். அக்காவுக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ போன் பில் மிச்சமாகியிருக்கும்.

பறந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எங்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இன்ஜின் சத்தம் ஏறியது, விமானம் ஓடியது, வால் தூக்கியது, புல்லை விட்டு ஒரு முழம் எழும்பியது. அங்கேயே படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தபோது வெறும் வானமும் ஒரு புள்ளியும். அந்தப் புள்ளி சங்கத்தின் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டு உயரம் ஏறியது. எங்கேயும் தூரமாகப் போகவில்லை, இன்ஜின் எப்போது நின்றாலும் ஓடுபாதை கீழேயே இருக்கட்டும் என்று. மேலே அவர் செய்த வேலையை மாமா பிறகு சொன்னார். புது விமானத்தில் வேகமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது. காற்றை வாங்கும் குழாய் பொருத்திய இடத்தைப் பொறுத்து முள் கூட்டியோ குறைத்தோ காட்டும். இறங்கும்போதோ அந்த எண் ஒன்றைத்தான் நம்பி இறங்க வேண்டும். அதனால் போதிய உயரத்துக்குப் போய், வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, எந்த எண்ணில் விமானம் நடுங்கித் தலை கவிழ்கிறது என்று முழங்காலில் கட்டிய காகிதத்தில் குறித்துக்கொள்வார். முள் பொய் சொன்னாலும் பரவாயில்லை, அந்த விமானத்தின் பொய் என்ன என்று தெரிந்துவிட்டது. அந்த எண்ணுக்கு மேல் முப்பது சதவீதம் வைத்துக்கொண்டு இறங்கினால் போதும். எனக்கு அன்றைய காலையில் பிடித்த விஷயம் இதுதான். விழுவதைப் பயந்து தள்ளிப்போடாமல், பத்திரமான உயரத்தில் வேண்டுமென்றே அதன் விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது.

அரைமணிக்குள் இறங்கிவிட்டார். அத்தை அழுதார், சித்தி கை தட்டினார். அங்கே பைலட் இறங்கியதும் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. காகிதத்தை நீட்டினார். இடது இறக்கை கனக்கிறது, கைப்பிடியை வலதுபக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏறும்போது எண்ணெய்ச் சூடு அதிகம். மேல்மூடியின் விளிம்பில் காற்று விசிலடிக்கிறது. அம்மாவுக்கு முதல் விஷயம்தான் கவலை. "இடது பக்கத்து விலா இங்க ஒட்டினதா, அங்க ஒட்டினதா?" "ரெண்டு பக்கமும் இங்க ஒட்டினதுதான்க்கா. அது சட்டத்துக் கோளாறு இல்ல, மாட்டின கோணத்துல ஒரு நூல் வித்தியாசம்." பின்மடிப்பின் ஓரத்தில் கையகல அலுமினியத் தகடு ஒன்றை வைத்து வளைத்ததும் அது சரியானது. எண்ணெய்ச் சூடுதான் படுத்திவிட்டது. காற்றில் குளிரும் இன்ஜின் அது. மெதுவாக ஏறும்போது காற்று குறைவு, வேலை அதிகம். மூடியின் உள்ளே தடுப்புத் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பைலட் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு காகிதம் கொடுத்துவிட்டுப் போவார். காகிதங்கள் சிறிதாகிக்கொண்டே வந்தன.

மாமா தானே அதை ஓட்டியது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த வருடம் டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரு வேலைநாளில், சங்கத்தில் யாரும் இல்லாதபோது, பைலட்டும் அவர் மனைவியும் மட்டும் நிற்க, ஏறி ஓட்டிவிட்டு வந்தாராம். அத்தையிடம்கூட சாயங்காலம்தான் சொன்னாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். தாத்தாவைப் பற்றியோ, மேலிருந்து தெரிந்த ஊரைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எண்ணெய்ச் சூடு தொண்ணூறைத் தாண்டல" என்றார். வெளியே எதையாவது பார்த்தீர்களா என்று விடாமல் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பார்க்க நேரமில்லை, வலது இறக்கையில் ஓர் இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது, மார்ச்சில் போனதும் இஸ்திரி போட வேண்டும் என்றார்.